ஜெயிலர் மந்தாகினி பேசுறேன்

அக்கா, இந்தக் கதையோட கடைசியில எங்க ஹாஸ்டல் வார்டன் போன்ல ஒரு வசனம் பேசுவாங்க. அப்ப முன் சீட்டுக் கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க. இல்லன்னா சிரிச்சே கீழ விழுந்துருவீங்க, கண்டக்டர் என்னைத்தான் திட்டுவாரு. சத்தியமா. இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. ஹாஸ்டல் டே அன்னிக்கு மைக்கைப் பிடிச்சு மொத்தமாப் போட்டு உடைக்கலாம்னு வாயைக் கட்டி வச்சிருக்கேன். என் வாயைக் கட்டுறது எவ்வளவு பெரிய வேலைன்னு எங்கம்மாகிட்டக் கேளுங்க. நீங்கதான் முதல் ஆளு. ரிகர்சல்னு வச்சுக்கங்க.

அந்த வசனம் என்னன்னா...

இல்ல, இருங்க. இப்பவே சொன்னா ருசி போயிரும். போடி போய்ச் சேர இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு! இப்பத்தான உசிலம்பட்டியே தாண்டியிருக்கோம்.

போடிக்கு எதுக்குப் போறேன்னு கேட்டீங்கல்ல? செண்பகான்னு ஒருத்தியைக் கூட்டிட்டு வர. என் ரூம்மேட். பி.காம் முதல் வருஷம், நானும் அதேதான். திங்கக்கிழமை செமஸ்டர் பரீட்சை. அந்த மகாராணி ஹாஸ்டலுக்கு வரமாட்டேன்னு வீட்டுல போய் உக்காந்திருக்கா. அவங்கப்பா ஏலக்காய்க் கடையில மூட்டை தூக்குறவரு. அவர் குரல் எப்படி இருக்கும் தெரியுமா? "ஏன் தாயி, புடிக்கலன்னா விட்ரு. ஆத்தா கூடப் போயி ஏலக்காய் பொறுக்கு. எனக்கும் ஒரு செலவு மிச்சம்." அச்சு அசல் இப்படித்தான். பரீட்சைக்கு வரலன்னா அவ படிப்பு அவ்வளவுதான். அதான் நான் பெருந்தன்மையா மன்னிக்கலாம்னு போறேன். ஒரே ஒரு கண்டிஷன். மெஸ் ஹால்ல எல்லார் முன்னாடியும் நின்னு, "நான்தான் கருங்காலி, நான்தான் வார்டன்கிட்டப் போட்டுக் குடுத்தேன், மன்னிச்சிருங்க"ன்னு சொல்லணும். சொன்னா முடிஞ்சுது. நாங்க என்ன ராட்சசிங்களா?

முதல்ல படத்தைப் பத்திச் சொல்லணும். படம் இல்லாம இந்தக் கதையே இல்ல.

நீங்க ஜெயில் படம் பாத்திருக்கீங்களா? பொம்பளைங்க ஜெயிலு. நம்ம ஊர்ப் படமில்ல, ஏதோ ஒரு நாட்டுக்காரன் எடுத்தது. எந்த நாடுன்னு எடுத்தவனுக்கே தெரியாது. அதைத் தமிழ்ல டப்பிங் பண்ணி, லோக்கல் கேபிள்ல ஞாயித்துக்கிழமை மத்தியானம் போடுவான். காட்டுக்கு நடுவுல ஜெயிலு. ஜெயில்னா நாலு தட்டி, ஒரு கேட்டு. கேட்டை அடிச்சுச் சாத்தினா செவரு ஆடும். உள்ள இருக்கறதெல்லாம் கொலைகாரிங்க, ஆனா ஒருத்திக்கும் லிப்ஸ்டிக் கலையாது. சேத்துல உருண்டு, ஆத்துல நீந்தி, முதலைகிட்டக் கடி வாங்கித் தப்பிச்சு வருவா, புருவம் மட்டும் பியூட்டி பார்லர்ல இருந்து இப்பத்தான் எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கும். தட்டைக் கவுத்துட்டு ஒரு சண்டை, குழாயடியில ஒரு சண்டை, மழையில ஒரு சண்டை. எல்லாச் சண்டைக்கும் ஒரே "டிஷ்யூம்". "பெண்ணுரிமைக்காகப் போராடும் உள்ளங்களுக்குச் சமர்ப்பணம்"னு தொடக்கத்துல கார்டு போடுவான். அப்புறம் கேமராவை வைக்கிற இடத்தைப் பாத்தா அந்தக் கார்டே வெக்கப்பட்டு ஓடிரும். ஆனா எங்க கேபிள்காரரு ஒழுக்கமானவரு. ஏதாச்சும் வரப்போகுதுன்னா டக்குன்னு ஜவுளிக்கடை விளம்பரத்தை வெட்டி ஒட்டிருவாரு. பாதிப் படம் பட்டுச்சேலைதான்.

டப்பிங் இருக்கே! வாய் மூடின பிறகும் வசனம் ஓடும். கைதி, கைதியோட அம்மா, கைதியோட எதிரி, மூணு பேருக்கும் ஒரே பொம்பளை குரல் குடுப்பா. ஜெயிலருக்கு மட்டும் தனிக் குரல். வெள்ளைக்காரி, ஆறடி உயரம், கையில சாட்டை, பேரு என்னன்னு நினைக்கிறீங்க? ஜெயிலர் மந்தாகினி! "இது என் கோட்டைடீ! இங்க கொசுகூட என்கிட்ட பர்மிஷன் வாங்கித்தான் கடிக்கணும்!" எப்படி? முன் சீட்டுப் பெரியவரே திரும்பிப் பாத்துட்டாரு. ஒண்ணுமில்ல தாத்தா, நீங்க தூங்குங்க.

கேவலமான படம்னு எங்க எல்லாருக்கும் தெரியும். பக்கத்து ரூம் ருக்சானா துப்பட்டாவை வாயில அமுக்கிக்கிட்டு "அய்யய்யே, இதெல்லாம் ஒரு படமாடீ, நல்ல பிள்ளைங்க பாப்பாங்களா"ம்பா. யாராச்சும் நிறுத்தப் போனா ரிமோட் மேல உக்காந்துக்குவா. செண்பகா இருக்காளே, அவ இன்னும் மோசம். மத்தவங்கல்லாம் கேலி பண்ணிப் பாப்போம், இவ நிஜமாப் பாப்பா. கைதிக்கு அடி விழுந்தா இவ கண்ணுல தண்ணி. கடைசியில எல்லாப் படத்துலயும் கேட்டு உடையும். சாதா கேட்டுதான், மூங்கில். ஆனா அப்ப மட்டும் ஹால்ல ஒருத்தியும் சிரிக்க மாட்டோம். ஏன்னு கேக்காதீங்க. எங்க கேட்டை ஆறு மணிக்குப் பூட்டிருவாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, சும்மா சொன்னேன்.

கேபிள்ல வாரம் ஒண்ணு பத்தலன்னு நான் ஒரு பென் டிரைவ்ல எல்லாத்தையும் ஏத்திட்டு வந்தேன். ஹால் டி.வி. பின்னாடி சொருகினாப் போதும். அங்கதான் வினை. ஒருநாள் மந்தாகினி சாட்டையை ஓங்குறா, பின்னாடி இருந்து என் பேரைச் சொல்லி ஒரு குரல்: "ஸ்டெபி. இந்தம்மா யாரு. உங்க சொந்தமா."

அதுதான் தவமணி மேடம். எங்க வார்டன். குரல்ல ஏத்தமும் கிடையாது, எறக்கமும் கிடையாது. கேள்வி கேட்டாலும் கேள்வி மாதிரி இருக்காது. பென் டிரைவைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. "குப்பை. கொளுத்தணும்." அவ்வளவுதான் பேச்சு.

கொளுத்தினாங்களா? அதான் இல்ல!

அந்தச் சமயத்துலதான் அவங்களுக்குக் கண்புரை ஆபரேஷன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ரூம்லயே படுத்திருப்பாங்க. நான் ஒரு மத்தியானம் வராண்டாவுல போறேன், கதவு சாத்தியிருக்கு, உள்ள இருந்து வருது: "இது என் கோட்டைடீ!" எனக்கு மயக்கமே வந்திருச்சு. பாக்க முடியாதுல்ல, அதனால லேப்டாப்புல ஓடவிட்டு வசனத்தை மட்டும் கேட்டுக்கிட்டு இருக்காங்க! ஒரு வாரம் இல்ல, ஒரு மாசம். கண்ணு கட்டி, காது மட்டும் வச்சுக்கிட்டு, அத்தனை படமும். டப்பிங் குரல் கொஞ்சம் மாறினாலும், "இது அவ இல்லையே, வேற ஆளு"ன்னு தனியாப் பேசிக்குவாங்க. மெஸ் ஹால்ல எங்களுக்கு நீதிபோதனை, ரூமுக்குள்ள மந்தாகினி. இதை விடுவேனா நான்?

எங்கண்ணனோட பழைய சிம் ஒண்ணு கிடந்துச்சு. அதைப் போட்டு, மொட்டைமாடித் தண்ணி டேங்குக்குப் பின்னாடி நின்னு அடிச்சேன். "ஹலோ, தவமணி மேடமா? சென்னையில இருந்து பேசுறேன். டப்பிங் ஆர்ட்டிஸ்ட். ஜெயிலர் மந்தாகினிக்குக் குரல் குடுக்கறது நான்தான். நீங்க எனக்குப் பெரிய ரசிகைன்னு உங்க ஊர் கேபிள்காரர் சொன்னாரு."

அந்தப் பக்கம் லேப்டாப்புல ஓடிக்கிட்டு இருந்த படத்தை நிறுத்தினாங்க. மாட்டிக்கிட்டோம்னு நினைச்சேன். அப்புறம், "ஒரு வசனம் பேசுங்க"ன்னாங்க. பேசினேன். "இன்னொண்ணு." பேசினேன். "ம். நல்லா இருக்கு. இந்தக் குரலை நான் எங்க கேட்டாலும் கண்டுபிடிச்சிருவேன்"னாங்க.

எனக்குப் புல்லரிச்சுப் போச்சுக்கா. ஒரு கலைஞருக்கு இதைவிட என்ன வேணும்?

அந்த வசனமா? வரும், வரும். அதுக்குள்ள அவசரம். ஆண்டிபட்டிக் கணவாய் வருது, ஒரு நிமிஷம் இருங்க, ஒரு வேடிக்கை காட்டுறேன். "ஆண்டிபட்டி எறங்குறவங்கல்லாம் முன்னாடி வாங்க, படியில நிக்காதே, ஏய், உள்ள போ!" பாத்தீங்களா, மூணு பேர் எந்திரிச்சுட்டாங்க. கண்டக்டர் மூஞ்சியைப் பாருங்க, தன் குரல் எங்க இருந்து வந்துச்சுன்னு அவருக்கே சந்தேகம்.

அதுல இருந்து வாரா வாரம் போன். அவங்களே, "அடுத்த வாரமும் கூப்பிடுங்க, நேரம் போகும்"னாங்க. பாவம், தனி ஆளு. எனக்கும் ஒரு லாபம் இருந்துச்சு. மந்தாகினி குரல்லயே கொக்கி போட்டேன். "மேடம், நிஜ வாழ்க்கையில நான் கைதிங்களுக்கு வாரம் ஒரு முட்டையாவது போடணும்னு நினைக்கிறவ"ன்னேன். அடுத்த புதன்கிழமை மெஸ்ல முட்டை! நான் சிரிப்பை அடக்க முடியாம சோத்தை மூக்கு வழியா விட்டேன். பொம்மலாட்டம் மாதிரிக்கா. கயிறு என் கையில.

ஒருதடவை பேசிக்கிட்டு இருக்கும்போது எங்க ஹாஸ்டல் மணி அடிச்சிருச்சு. "உங்க பக்கமும் மணி அடிக்குதே"ன்னாங்க. "ஸ்டுடியோவை ஒட்டி ஒரு கோயில் மேடம்"னேன். "அப்படியா. பூஜை நேரம் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல"ன்னாங்க. நம்பிட்டாங்க! இவ்வளவு அப்பாவியை நான் பாத்ததே இல்ல.

அவங்களுக்கு ஒரே ஆசை, கதை கேக்கணும். "அடுத்த பாகத்துல என்ன வருது? கைதிங்க என்னென்ன தந்திரம் பண்ணுவாங்க?" ஒவ்வொரு போன்லயும் இதே கேள்வி. நான் எங்க போறது கதைக்கு? எங்க சங்கதியையே எடுத்து விட்டேன். ஹாஸ்டல்னு ஒரு வார்த்தை சொல்லலையே, ஜெயிலாத்தானே சொன்னேன். ஒரு கைதி அத்தனை பேரோட அப்பா குரல்லயும் பேசி வெளிய போக பர்மிஷன் வாங்கிக் குடுப்பா. வரிசையில நின்னு அஞ்சு பேருக்கு ஒருத்தியே "ஆஜர்" சொல்லுவா. காவல்காரன் புரோட்டா வாங்கி வாளியில வைப்பான், இவங்க குளியலறை ஜன்னல் வழியாக் கயித்தைக் கட்டி இழுப்பாங்க. "அருமை, அருமை. அப்புறம்?"னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. இப்படி ஒரு ரசிகை யாருக்குக் கிடைக்கும்?

இங்கதான் கதையில கருங்காலி வர்றா.

திடீர்னு எங்க வழியெல்லாம் அடைபட ஆரம்பிச்சுது. முதல்ல, "இனி அப்பா போன் பண்ணினாப் போதாது. முகம் காட்டிப் பேசணும், வீடியோ கால்"னு சட்டம். அத்தனை அப்பாவாவும் மாசக்கணக்கா நடிச்ச என் பொழைப்புல மண்ணு. அடுத்து ரோல் கால்ல பேரைக் கூப்பிடறது நின்னுச்சு, ஒவ்வொருத்தி முன்னாடியும் வந்து நின்னு மூஞ்சியைப் பாத்தாங்க. அடுத்து குளியலறை ஜன்னலுக்குக் கொசுவலை அடிச்சாங்க, கம்பிவலை. வாட்ச்மேன் சவரி அண்ணன் கையில சூடான புரோட்டாவோட கீழ நிக்கிறாரு, மேல வலை. அவர் குரல் இன்னும் காதுல இருக்கு: "பாப்பா, சால்னா வேற வாங்கிட்டேனே."

யாரோ உள்ள இருந்து சொல்றாங்கன்னு தெரியுதுல்ல? நான்தான் துப்பறிஞ்சேன். வார்டன் ரூமுக்குள்ள தினம் போறது யாரு? செண்பகா. எதுக்குப் போறா? கண்ணுல சொட்டு மருந்து விட. பரிதாபப்படுறாளாம். பத்து நிமிஷ மருந்துக்கு அரை மணி நேரம் உள்ள இருப்பா, டீ குடிச்சிட்டு வருவா. இதுக்கு மேல சாட்சி வேணுமா? கேட்டா, "நான் ஒண்ணும் சொல்லலடீ, சாமி சத்தியமா"ன்னு அழுறா. மாட்டிக்கிட்ட கருங்காலி எல்லாப் படத்துலயும் இப்படித்தான் அழுவா.

படத்துல என்ன பண்ணுவாங்க தெரியுமா? தலையைத் தண்ணித்தொட்டியில முக்குவாங்க. நாங்க அப்படியா? சும்மா, மெஸ்ல அவ பக்கத்துல யாரும் உக்கார மாட்டோம். அவ தட்டைக் கவுத்து வைப்போம். அவ ஹாலுக்குள்ள வந்தா நான் அவ குரல்லயே, "மேடம் மேடம், நான் சொல்றேன் மேடம், எனக்கு டீ மேடம்"பேன். மொத்த ஹாலும் உருளும். ஒரு கட்டத்துல அவ பேசறதையே நிறுத்திட்டா. அவ வாயைத் திறந்தா அது நான் பேசற மாதிரியே இருக்குன்னு ருக்சானா சொன்னா. பாராட்டுதானே?

கடைசி அடி எது தெரியுமா? என்கிட்ட இன்னொரு பென் டிரைவ் இருந்துச்சு. முதல் டிரைவ் போனப்ப வீட்டுல இருந்து திரும்ப ஏத்திட்டு வந்தது. அதை எங்க ஒளிச்சேன்? ஆபீஸ் வாசல்ல தொங்குற புகார்ப் பெட்டிக்குள்ள! மாணவியர் குறைதீர்க்கும் பெட்டி. தொங்க விட்ட நாள்ல இருந்து அதை யாரும் திறந்ததில்ல. பூட்டு துருப்பிடிச்சுக் கிடக்கு. சீட்டுப் போடற சந்து வழியா நூல்ல கட்டித் தொங்க விட்டேன். வேணுங்கறப்ப இழுக்கறது. ருக்சானாகிட்டக்கூட மூச்சு விடல, அவ ஓட்டைவாய். என் மூளையை நானே தட்டிக் குடுத்துக்கிட்டேன்.

போன வாரம் ஒரு காலையில தவமணி மேடம் சுத்தியலோட வர்றாங்க. நேரா பெட்டி. ஒரே போடு. பென் டிரைவை எடுத்து இடுப்புல சொருகிட்டு, "நிறைய புகார் இருக்கும்னு நினைச்சேன். ஒண்ணுதான் இருக்கு"ன்னுட்டுப் போயிட்டாங்க.

எனக்கு வந்துச்சே கோவம்! அன்னிக்கே செண்பகாவோட பெட்டி படுக்கையெல்லாம் வராண்டாவுக்குப் போயிருச்சு. நான் மட்டுமில்ல, எல்லாரும் சேர்ந்துதான் தூக்கினோம். அவ பெட்டி மேலயே உக்காந்திருந்தா. சாயங்காலம் அவங்கப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. போகும்போது அந்த மனுஷன் எங்க எல்லாரையும் பாத்து, "வர்றோம் தாயி, நல்லாப் படிங்க"ன்னாரு. இந்தக் குரல் மட்டும் எனக்குச் சரியா வரலக்கா. எத்தனை தடவை பண்ணிப் பாத்தும் வரல. நடுவுல ஒரு இருமல் வந்துச்சு, அது எங்க விழுதுன்னு பிடிபடல.

சரி, விடுங்க. இப்பத்தான் சிரிப்பு. கம்பியைப் பிடிச்சுக்கங்க.

அவ போன அன்னிக்கு மேடம் சாப்பிடவே இல்லைன்னு சமையல் அக்கா சொன்னாங்க. சரி, நம்ம ரசிகையாச்சே, கொஞ்சம் சந்தோஷப்படுத்துவோம்னு போன் போட்டேன். "ஜெயிலர் மந்தாகினி பேசுறேன்!" அவங்க, "வாங்கம்மா. உங்க போனுக்குத்தான் காத்திருந்தேன். இன்னிக்கு நான் ஒரு வசனம் பேசறேன், கேக்குறீங்களா"ன்னாங்க. தவமணி மேடம்! வசனம்! தொண்டையைச் செருமுறாங்க. அந்த ஏத்தமில்லாத, எறக்கமில்லாத குரல்ல, பல்லி கத்துற மாதிரி பேசுறாங்க பாருங்க:

"அடியே கைதி. உன் தந்திரத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒற்றன் எதுக்குடீ. உன்னை நாலு வார்த்தை புகழ்ந்தாப் போதும். நீயே சொல்லுவ. ஆனா உனக்குப் பதிலா இன்னொருத்தி தண்டனை அனுபவிக்கிறாளே. அதை எந்தக் கோர்ட்டுல சொல்லுவ."

ஐயோ! "அடியே கைதி"யாம்! தவமணி மேடம்! எந்தப் படத்துலயும் இந்த வசனம் கிடையாதுக்கா, எனக்கு எல்லாம் மனப்பாடம். அவங்களே சொந்தமா யோசிச்சிருக்காங்க! நான் வாயில துணியை அடைச்சுக்கிட்டு, "பிரமாதம் மேடம், அடுத்த படத்துல வச்சுக்கறோம்"னேன். "வச்சுக்கங்க. மறக்காம வச்சுக்கங்க"ன்னு போனை வச்சுட்டாங்க.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "ஸ்டெபி. நீ போய் செண்பகாவைக் கூட்டிட்டு வா. வேற யாரும் வேண்டாம், நீ போனாத்தான் சரியா இருக்கும். என்ன பேசணும்னு பஸ்ல போகும்போது யோசிச்சுக்க"ன்னாங்க. அவங்களுக்கு என் மேல அவ்வளவு நம்பிக்கை. பாவம், ஒண்ணும் தெரியாது.

என்னக்கா, இவ்வளவு நேரம் உம்முன்னு இருந்துட்டு இப்ப இப்படிச் சிரிக்கிறீங்க? நான்தான் சொன்னேன்ல! ஹாஸ்டல் டே அன்னிக்குக் கூரை பிச்சுக்கப் போகுது. போதும்க்கா, கண்ணுல தண்ணி வருது உங்களுக்கு. எல்லாரும் பாக்குறாங்க. அட, மூச்சு விட்டுட்டுச் சிரிங்க. வசனம் அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?

என்ன கேக்குறீங்க?

புகார்ப் பெட்டியா? அதுக்குள்ள இருந்தது செண்பகாவுக்குத் தெரியுமாவா? தெரியாது. அவளுக்கு எப்படித் தெரியும்? ருக்சானாவுக்கே தெரியாதுன்னு சொன்னேன்ல. ஒருத்தருக்கும் தெரியாது. என் மூளை, என் நூலு, நானா யார்கிட்டயாச்சும் சொல்லுவேன்? ஒரே ஒரு தடவை, அதுவும் கதையாத்தான், மந்தாகினி குரல்ல, "புத்திசாலிக் கைதி ஜெயிலரோட வாசல்லயே ஒளிச்சு வைப்பா மேடம், யாரும் திறக்காத பெட்டியில"ன்னு...

மேடம்கிட்ட.

வாளியும் மேடம்கிட்டத்தான். அப்பாங்க குரலும்.

இருங்கக்கா. ஒரு நிமிஷம் பேசாதீங்க.

அவ சாமி சத்தியமான்னு சொன்னாக்கா. பெட்டி மேல உக்காந்திருந்தா.

போடியா? வந்திருச்சா? இல்ல, நீங்க முதல்ல எறங்குங்க. வீடு எனக்குத் தெரியும், மார்க்கெட்டுக்குப் பின்னாடி தெரு. கதவைத் தட்டினா அவதான் வந்து "யாரு"ன்னு கேப்பா. நான் எந்தக் குரல்லக்கா பதில் சொல்லட்டும்?